படம் முதலிலா, புத்தகம் முதலிலா? முப்பது வயதுக்கு மேல் பெரிய நாவல்களுக்குள் நுழைந்த அனுபவம்

நாவலைப் படிக்கும் முன் அதன் படத்தைப் பார்க்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. சில ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்கு அந்தக் கண்டிப்பு இல்லாமல் போய்விட்டது. ஆள்கூட்டமும் சம்பவங்களும் நிறைந்த நாவல் என்றால் படத்தையோ தொடரையோ முதலில் பார்த்துவிடலாம், குடிமுழுகிப் போகாது. கதை சொல்பவரின் குரலில்தான் உயிர் இருக்கிறது என்றால் புத்தகம்தான் முதலில்.

பள்ளிக் காலத்தில் கிடைத்தவை எல்லாம் சுருக்கப் பதிப்புகள். முழு நாவல்களின் பக்கம் முப்பதைத் தாண்டித்தான் வந்தேன். தாமதமாக வந்ததில் ஒரு லாபம், நம் சாய்வுகள் இடம் மாறியிருக்கின்றன. டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வில் அன்னாவின் கணவர் கரீனினை இருபது வயதில் வில்லன் என்று ஒதுக்கியிருப்பேன். பிரசவத்துக்குப் பின் அன்னா சாகக் கிடக்கும்போது அவர் அவளுடைய காதலன் விரோன்ஸ்கியையும் மன்னித்து, தன்னுடையதல்லாத அந்தப் பச்சைக் குழந்தையை அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் பக்கங்களில் இப்போது அவர்மேல் இரக்கம் வந்தது. பிறகு எரிச்சலும் வந்தது, அது வேறு விஷயம்.

ரஷ்ய நாவல்களில் பெயர்கள்தான் முதல் தடை. ஸ்டீவா, ஸ்டெபான் அர்காதியெவிச், ஒப்லான்ஸ்கி, மூன்றும் ஒரே ஆள். படத்தை முன்பே பார்த்திருந்தால் பெயருக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் நாவலில் பாதிதான் கிடைக்கும். அன்னாவின் காதலையும் முடிவையும் வைத்துக்கொண்டு, வயலில் விவசாயிகளோடு புல் அறுக்கும் இன்னொரு நாயகன் லெவினைப் பெரும்பாலான திரைவடிவங்கள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. இந்த வெட்டு சினிமாவில் தொடங்கியதும் இல்லை. 1875 முதல் 1877 வரை நாவல் தொடராக வந்த பத்திரிகையின் ஆசிரியர் கத்கோவ், செர்பியப் போர் பற்றிய டால்ஸ்டாயின் கருத்து பிடிக்காமல் கடைசி எட்டாம் பாகத்தைப் போட மறுத்துவிட்டார். டால்ஸ்டாய் அதைத் தனி நூலாக வெளியிட்டார். அன்னா இறந்த பின்னும் கதை லெவினோடு நடப்பது அந்தப் பாகத்தில்தான். தமிழில் நா. தர்மராஜனின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

தொடராக வந்தது என்று சொன்னேன் அல்லவா, என் வாசிப்பை மாற்றியது அந்தத் தகவல்தான். ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ நாளிதழில் துண்டு துண்டாக வந்தது. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860, 61இல் வாரப் பத்திரிகைத் தொடர். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி கல்கி இதழில் வாராவாரம் வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்து படிக்க எழுதியதை இரண்டு நாளில் முடிக்க உட்கார்ந்தால் மூச்சு முட்டும்தான். தினம் இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டதும் அந்த ‘அடுத்து என்ன’ கொக்கிகள் எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்தன. இந்த நாவல்களுக்கு இரண்டரை மணி நேரப் படத்தைவிடத் தொலைக்காட்சித் தொடர் பொருந்துவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

‘பொன்னியின் செல்வன்’ விஷயத்தில் நான் படத்தின் பக்கம்கூடக் கொஞ்சம் சாய்வேன். 2022, 2023இல் வந்த இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு போனஸ் காத்திருக்கிறது: சேந்தன் அமுதன் யார் என்ற கதையை மணிரத்னம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால் நாவலின் கடைசித் திருப்பம் உங்களுக்குக் கெடாமல் இருக்கும். படத்தில் கிடைக்காதது கல்கியின் அரட்டை. வாசகரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வந்தியத்தேவனைக் கேலி செய்துகொண்டே கதை சொல்வார் மனுஷன். அதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

ஜேன் ஆஸ்டினிலும் இதே சங்கடம். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலின் சுவை முக்கால்வாசி ஆசிரியரின் கிண்டலில் இருக்கிறது. பிபிசி 1995இல் எடுத்த ஆறு பகுதித் தொடர் வசனங்களைப் பெருமளவு காப்பாற்றிவிடுகிறது, 2005இல் வந்த படம் அழகாக ஓடிவிடுகிறது. அந்தத் தொடரில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது நாயகன் டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வரும் காட்சி. நாவலில் அப்படி ஒன்று இல்லை! தேடித் தேடிப் பக்கம் புரட்ட வேண்டாம். ஆஸ்டினை எடுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ராஜீவ் மேனன். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் அக்கா தங்கையை ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்தில் தமிழ்க் குடும்பத்துக்குக் கொண்டுவந்தபோது, சொத்து கைவிட்டுப் போனதும் பெண்களின் கல்யாணமும் பிழைப்பும் என்ன ஆகும் என்ற கேள்வி கொஞ்சமும் நீர்த்துப்போகவில்லை.

விக்டர் ஹ்யூகோவின் ‘லெ மிசராப்ளா’ பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுத்தானந்த பாரதி ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். அதே பெயரில் 1950இல் வந்த படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்தவருக்குப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு ஜாவர் சீதாராமன் ஆனார். முழு நாவலில் வாட்டர்லூ போருக்கும் பாரிஸின் சாக்கடைகளுக்கும் நீண்ட பக்கங்கள் உண்டு. நான் சாக்கடையைத் தாண்டிப் போனேன், வருத்தம் இல்லை.

புத்தகமும் படமும் எனக்குச் சமமாகத் தோன்றியது ஜெயகாந்தனில்தான். முதலில் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை: கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்கு வந்த எதிர்ப்புக்குப் பின் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அம்மா அப்படிச் செய்வதில்லை. கூச்சல் போட்டு ஊருக்கே தெரிந்துவிடுகிறது. போதாததற்கு, நாவலின் நாயகி கங்கா அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள், தனக்குக் கிடைக்காத அம்மாவை அதில் பார்க்கிறாள். பீம்சிங் இயக்கிய படத்துக்குத் திரைக்கதையும் ஜெயகாந்தனே எழுதினார். கங்காவின் மன ஓட்டம் நாவலில் பக்கம் பக்கமாகப் போகும். படத்தில் அந்த வேலையை லட்சுமியின் முகம் செய்கிறது, தேசிய விருதும் கிடைத்தது. இந்த மூன்றையும் எழுதப்பட்ட வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகதையைத் தவறவிட்டால் நாவலில் கங்கா அதைப் படிக்கும் இடம் வெறும் சம்பவமாகக் கடந்துபோய்விடும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ இந்தக் கணக்கில் சேராது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பி அது வேறு படைப்பாகவே ஆகிவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டு மார்க் போடுவது வீண் வேலை.

புதிதாகத் தொடங்குபவர்கள் வாங்கும் முன் ‘முழுமையான பதிப்பு’ என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கியவர்கள் முதலில் வெட்டுவது படம் எடுப்பவர்கள் வெட்டும் அதே பகுதிகளைத்தான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆஸ்டினும் டிக்கன்ஸும் குட்டன்பர்க் திட்டத்தில் உண்டு. எனக்கு அடுத்தது டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’, டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழில். பந்தார்சுக் எடுத்த நான்கு பாக ரஷ்யப் படத்தை முதலில் பார்த்துவிடப் போகிறேன், அத்தனை பெயர்களுக்கும் முகம் வேண்டுமே.