இமைக்குள் தங்கமா, பிளாட்டினமா, கம்பிச் சுருளா? எம்ஆர்ஐ எடுக்க வேண்டியவர்களுக்கு

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் செவி நரம்பில் வளர்ந்த கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, ஆனால் முக நரம்பு சோர்ந்துபோய் வலது கண் மூடாமல் நின்றுவிட்டது. மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகும். அதனால் மேலிமைக்குள் சிறு எடை ஒன்று வைக்கலாம் என்றார் டாக்டர். கட்டி திரும்ப வளர்கிறதா என்று பார்க்க இனி அடிக்கடி எம்ஆர்ஐ வேறு எடுக்க வேண்டும், அது பெரிய காந்தத்தால் படம் எடுக்கும் இயந்திரம். எந்த உலோகம் என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு.

செட்டியார் தெருவில் நாம் வாங்கும் 22 கரட் நகையில் வேறு உலோகமும் கலந்திருக்கும். இமைக்குள் போவது 24 கரட் தங்கம். ஏறக்குறைய அரை கிராமுக்கு மேலிருந்து ஒன்றரை கிராம் வரை வெவ்வேறு எடைகளை இமைமேல் ஒட்டிப் பார்த்து, கண் மூடும் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) இயந்திரமும் அதை அசைக்காது. படத்தில் இமையருகே சின்னக் கறுப்பு நிழல் விழும், அவ்வளவுதான். குறை வேறு இடத்தில்: மெல்லிய தோலுள்ளவர்களுக்கு அது புடைத்துத் தெரியும், சிலருக்குத் தங்கம் ஒவ்வாது.

பிளாட்டினம் இன்னும் அடர்த்தியானது. தங்கம் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 19.3 கிராம், இது 21.4. அதே எடை மெல்லியதாக அமைகிறது. சங்கிலிபோல் கோத்த வகை இமையின் வளைவோடு படிந்துகொள்ளும். இதையும் இயந்திரம் பிடுங்காது. ஆனால் காந்தப்புலத்தைத் தங்கத்தைவிட அதிகம் கலைக்கிறது, நிழல் பெரிதாகலாம். கண்ணையே படம் பிடிக்க வேண்டியவருக்கு நான் தங்கத்தைத்தான் சொல்வேன். பெரியம்மாவின் கட்டி இருந்த இடம் காதுக்கு உள்ளே ஆழத்தில், இமையிலிருந்து தூரத்தில். அந்த நிழல் அவருக்குத் தடையில்லை.

மூன்றாவது கம்பிச் சுருள். எடை புவியீர்ப்பால் வேலை செய்கிறது; சுருளோ ஸ்பிரிங்போலத் தன் விசையால், ஆள் படுத்திருந்தாலும் இமையை மூடும். நல்ல யோசனைதான். ஆனால் உருக்குக் கம்பிச் சுருள்களில் சில வகைகள் காந்தத்தில் அசைவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஸ்கேனுக்குப் போகிறவருக்கு இது வேண்டாம் என்பது என் முடிவு. நரம்பு தேறும் நம்பிக்கை இருந்தால் தோலுக்கு வெளியே ஒட்டும், தாந்தலம் என்ற உலோகத்தாலான எடையும் உண்டு. ஸ்கேனுக்கு முன் கழற்றிவிடலாம், சரி.

மெல்லிய இமை என்பதால் பிளாட்டினச் சங்கிலி வைத்தோம். முதல் ஸ்கேனுக்குப் போனபோது அந்த எடையின் விவர அட்டையை வீட்டில் விட்டுவிட்டோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அழுதுவிட்டார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணுக்குள் கிடந்த இரும்புத் துகள் ஸ்கேனரில் நகர்ந்து ஒருவரின் பார்வையைப் பறித்த சம்பவம் 1986இல் மருத்துவ இதழில் பதிவானது. இமைக்குள் இருப்பது எந்த உலோகம், எந்த மாதிரி, எத்தனை டெஸ்லா வரை அனுமதி என்று எழுதிய அட்டை இல்லாமல் அவர்கள் எப்படி உள்ளே விடுவார்கள்?

இப்போது அட்டை அவர் கைப்பையில். அப்புறம் இன்னொன்று: இயந்திரத்துக்குள் மல்லாந்து படுக்கும்போது எடை இமையை முழுதாக மூடாது. அதனால் உள்ளே போகுமுன் டாக்டர் தந்த களிம்பைக் கண்ணில் போட்டுவிடுகிறேன்.