ஏழு அங்குல மேசை லேத்: நீராவி இயந்திரம் செய்ய இது போதுமா?

கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். சீனாவிலிருந்து வரும் சிறிய மேசை லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்), ஆளுக்கொரு நிறம் பூசி ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்களே, அதை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம் என்று எண்ணுகிறவர் வாங்க வேண்டாம். வந்து சேர்வது முக்கால்வாசி முடிந்த லேத்தான். மீதிக் கால்வாசியை நாம்தான் முடிக்க வேண்டும்.

நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோலர் ஷாஃப்ட் கடையும் பெரிய லேத்தில் பழகிய கை. வீட்டில் அதற்கு இடமும் கிடையாது, மும்முனை மின்சாரமும் கிடையாது. மனம் கேட்டது இங்கிலாந்தின் மைஃபோர்ட் எம்.எல்.7 என்ற சிறு லேத்தை. ஆனால் அதைச் செய்த பீஸ்டன் ஊர்த் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டுவிட்டது. இங்கே அதை வைத்திருப்பவர்களோ விற்பதாக இல்லை. "கிடைக்காததை நினைத்துக்கொண்டிருந்தால் கைப்பழக்கமும் போய்விடும் மாமா, கிடைப்பதை வாங்குங்கள்" என்றான் கொழும்பில் இருக்கும் மருமகன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு வாங்கியது என்பதால் விலையைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

அளவுகள் இவை: 180 மி.மீ. விட்டம்வரை சுழலும், இரு முனைகளுக்கு இடையே 350 மி.மீ. நீளம். சுழல்தண்டில் 20 மி.மீ. துளை. வேலைத்துண்டைப் பிடிக்கும் 80 மி.மீ. சக், மூன்று தாடை. வேகத்தைக் குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். எடை நாற்பது கிலோ அளவில் இருக்கும். எங்கள் வீட்டுப் படிக்கட்டில் இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிட்டோம்.

உடல் முழுக்கத் தடித்த கிரீஸ் பூசி வருகிறது. அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும்போதே இயந்திரத்தின் குணம் கைக்குத் தெரிந்துவிடும். வார்ப்பிரும்பு நல்லது. மோட்டாரும் நல்லது. ஆனால் வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் குறுக்கு ஸ்லைடைக் கழற்றினால் அடியில் பிசிர் அப்படியே நிற்கிறது, மூலையில் இரும்புத் துகள் கிடக்கிறது. ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் கிப் பட்டியில் திருகாணி முனை அமர வேண்டிய குழிகள் இடம் மாறியிருந்ததால் ஒன்றை இறுக்கினால் அடுத்தது தளர்ந்தது. குழிகளைப் புதிதாகத் துளைத்து, பட்டியைக் கண்ணாடி மேல் விரித்த எமரித் தாளில் வைத்துத் தேய்த்து, மேடு எங்கே என்று காட்டும் பிரஷியன் நீலம் பூசிப் பார்த்துப் பார்த்துச் சமப்படுத்தினேன். அதன் பிறகு கைப்பிடி வெண்ணெயாக ஓடியது. தொழிற்சாலையில் இதற்கு அரை மணி நேரம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று தெரியவில்லை.

லேத் நேராகக் கடைகிறதா என்று பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். 25 மி.மீ. இரும்புக் கம்பியைச் சக்கில் பிடித்து, நடுவைக் கடைந்து ஒடுக்கி, இரு கோடியிலும் ஒவ்வொரு வளையம் விட வேண்டும். பிறகு டூலின் ஆழத்தை மாற்றாமல் இரண்டு வளையங்களையும் ஒரே மெல்லிய வெட்டில் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். என் லேத்தில் 100 மி.மீ. இடைவெளிக்கு 0.04 மி.மீ. வித்தியாசம் காட்டியது. உடனே சுழல்தண்டைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கைக் கழற்றுகிறவர்கள் உண்டு, அவசரக்காரர்கள். இவ்வளவு சிறிய படுகை (லேத்தின் அடியுடல்), கோணலான மேசையில் போல்ட் போட்டு இறுக்கினாலே முறுகிவிடும். மேசை போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு மூலையில் டின் தகடு ஒன்றை வைத்து மீண்டும் இறுக்கினேன். வித்தியாசம் 0.01க்குக் கீழே வந்துவிட்டது.

சுழல்தண்டில் வருவது 6206 எண் கொண்ட சாதாரணப் பந்துத் தாங்கி (பால் பேரிங்). அதை எடுத்துவிட்டு 30206 எண் டேப்பர் ரோலர் (கூம்பு உருளைத் தாங்கி) போட்டேன். இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தடிப்பானது, எனவே இடையிலிருக்கும் வளையத்தைக் கடைந்து குறைக்க வேண்டியிருக்கும். ஹட்டன் கடைவீதியிலேயே கிடைக்கும் பொருள் இது. லேத்துக்காகச் செலவழித்த பணத்தில் இந்தப் பணத்துக்குத்தான் அதிகப் பலன் கண்டேன்.

இனி வாங்கிய காரியத்துக்கு வருகிறேன். ஸ்டூவர்ட் 10வி என்ற ஆங்கிலேய மாதிரி நீராவி இயந்திரத்தின் வார்ப்புகளை வரவழைக்கத்தான் முதலில் எண்ணினேன்: நிமிர்ந்து நிற்கும் ஒற்றைச் சிலிண்டர், துளையும் பிஸ்டன் போய்வரும் ஓட்டமும் முக்கால் அங்குலம், மூன்று அங்குல ஃபிளைவீல் (கனத்த சுழற்சக்கரம்). தபால் செலவைப் பார்த்த பிறகு அதே பருமனில் நானே வரைந்துகொண்டேன். துளை 20, ஓட்டம் 20, ஃபிளைவீல் 75 மி.மீ., திருகாணிகள் எல்லாம் இங்கே கிடைக்கும் எம்3, எம்4. தூணும் அடித்தட்டும் பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு கண்டி பக்கத்து ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது. பழைய இயந்திரங்களைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெறும் செவ்வகமாக வரைந்து வைத்திருந்த தூணுக்கு அங்கே போய் வந்த பிறகுதான் இடுப்பு வளைவு வந்தது.

சிலிண்டருக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தையில் பழைய வெண்கலத் துண்டு ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். இந்த லேத்தின் பெருமை இங்கேதான். துளை டூலைக் கடைசி இரண்டு முறை வெட்டு ஏற்றாமலே ஓட்டியபோது, துளையின் இரு வாய்க்கும் இடையே என் அளவுக் கருவியில் வித்தியாசமே காட்டவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரே சீரான பளபளப்பு. பெரிய லேத்தில் கூட இவ்வளவு சிறிய துளையை இத்தனை நிம்மதியாகக் கடைந்ததில்லை.

ஃபிளைவீலில் கதை மாறுகிறது. மரத்தில் அச்சுச் செதுக்கி (வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும், அதைக் கூட்டி), வார்ப்படப் பட்டறையில் ஊற்றி வாங்கினேன். 75 மி.மீ. விட்டத்து வார்ப்பிரும்பை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் கடைய நிமிடத்துக்கு 85 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. அந்த வேகத்தில் இந்த மோட்டாருக்குத் தெம்பு இல்லை. வார்ப்பின் மேல்தோலோ மணல் கலந்து கடினமாக இருக்கும், முதல் வெட்டே அதற்கு அடியில் இறங்க வேண்டும், இல்லையென்றால் டூல் மழுங்கிவிடும். ஆழமாக இறக்கினால் மோட்டார் முனகி நின்றது. அதைவிடக் கடினமான கார்பைட் முனையைப் போட்டு, வேகத்தைக் கூட்டி, தோலை உரித்த பிறகே எச்.எஸ்.எஸ்.ஸுக்கு வந்தேன். ஹெட்ஸ்டாக்கின் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக், முரட்டுத்தனம் காட்டினால் பல் போய்விடும். 75 மி.மீ.க்கு மேல் சக்கரம் வைத்து வரைகிறவர்கள் இதை யோசித்து வரையட்டும்.

சிலிண்டரின் நீராவி வாயில்களை வெட்டியது, துண்டை மேலும் கீழும் நகர்த்தும் வெர்ட்டிக்கல் ஸ்லைடை மாட்டி. 2 மி.மீ. அகலப் பிளவு, முடியளவு வெட்டு. முடிந்தது, ஆனால் முழு லேத்தும் நடுங்கிக்கொண்டே இருந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பிளவு வெட்டும் மில்லிங் வேலையை வெளியே கொடுத்துவிடலாம்.

குறுக்கு ஸ்லைடின் அளவு வளையம் எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., அதை நாற்பது கோடாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கோடு 0.025. மெட்ரிக் அளவில் வேலை செய்கிறவன் 0.06 எடுக்க எந்தக் கோட்டில் நிற்பது? ஐம்பது கோடு வெட்டிய புது வளையம் ஒன்றை இதே லேத்தில் கடைந்து மாட்டிக்கொண்டேன்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். மாலையில் லயம் (தோட்ட வரிசை வீடுகள்) முழுக்க ரைஸ் குக்கர் ஏறும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுத் தட்டுக்கு அது ஆகாது. ஸ்டெபிலைசர் இல்லாமல் இணைக்க வேண்டாம். அடுத்தது துரு. தென்மேற்குப் பருவ மழையில் எண்ணெய் தடவாத படுகை ஒரே இரவில் சிவந்துவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்கிறேன். டூல் பெட்டிக்குள் ஒரு கட்டி கற்பூரம் போடுவது பழைய ஃபிட்டர்களின் வழக்கம், பலன் உண்டு. என் மனைவி சாமி அறைக் கற்பூரத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்பது வேறு.

நீராவி இயந்திரம் ஓடுகிறது. முதலில் அழுத்திய காற்றில் ஓட்டினேன், பிறகு கொதிகலனை இணைத்தேன். (கொதிகலன் செம்புத் தகட்டில் வெள்ளிப் பற்று வைத்தது. ஈயப் பற்று இந்த வேலைக்கு ஆகாது. வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்குத் தண்ணீரை அடைத்துச் சோதிக்காமல் அடியில் தீ வைக்கவே கூடாது.) ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையை ஒட்டிக் கொதிப்பதால் நீராவிக்குப் பலம் குறையுமா என்று பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்டார். குறையாது. அழுத்தமானி காட்டுவதே வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தைத்தான். பிஸ்டனைத் தள்ளுவதும் அந்த வித்தியாசம்தான்.

கம்பியை வெட்டித் துண்டாக்கும் வேலையை இந்த லேத்திடம் கொடுக்காதீர்கள். பித்தளையில் சமாளிக்கும், இரும்பில் கடித்துக்கொண்டு துள்ளும். கைவாளால் அறுத்துவிட்டு முகத்தை மட்டும் கடைவது வேகம். நான்கு தாடைச் சக் ஒன்றைக் கட்டாயம் தனியாக வாங்க வேண்டும். வால்வை ஓட்டும் எக்சென்ட்ரிக்கை மையம் விலக்கிப் பிடிக்க அதுதான் வசதி. இந்த விலைக்கு அதையும் பெட்டியிலேயே போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் எண்ணெய்க் குப்பியைப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒழுகுகிறது.