ஐடெக்ஸ் திட்டம்: நெல்லைப் பட்டறைக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும்?

மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம் என நாட்டின் மிக நுட்பமான பணிகள் சில திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே நடக்கின்றன. ஆயினும் 2018 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு, அதாவது இராணுவத் தளவாட உற்பத்திக்கெனத் தொழில் நகரங்களை இணைக்கும் திட்டத்துக்கு, தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவையே. திருச்சிக்குத் தெற்கே ஒன்றும் இல்லை. ஆகவே நெல்லையின் பேட்டைத் தொழிற்பேட்டையில் சிஎன்சி என்னும் கணினிவழிக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரோ, பொறியியல் படிப்பை முடித்துவிட்டு ட்ரோன் வடிவமைக்கும் இளைஞரோ இத்துறை ஆராய்ச்சிக்குள் நுழைய வேண்டுமானால், இருக்கும் இடத்திலிருந்தே விண்ணப்பிக்கக்கூடிய அரசு நிதித் திட்டங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது, பாதுகாப்புத் துறைக்கான புதுக் கண்டுபிடிப்புகளுக்கு உதவும் ஐடெக்ஸ். அது ஒரு சிறு நிறுவனத்துக்கு எப்படிப்பட்ட சேவையாக அமைகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

சென்னையை அடுத்த திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இதை நடத்தும் அமைப்புக்கு முதல் நிதியை வழங்கியவை ஹெச்ஏஎல், பிஇஎல் ஆகிய இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள். பதிவுபெற்ற ஸ்டார்ட்அப்களும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களும் மட்டுமல்லாமல், தனிநபர் கண்டுபிடிப்பாளரும் இதில் விண்ணப்பிக்கலாம்.

இத்திட்டத்தின் மிகச் சிறந்த கூறு பணம் அன்று என்பது என் கருத்து. முப்படைகளும் கடலோரக் காவல் படையும் தங்களுக்கு உண்மையிலேயே உள்ள சிக்கல்களைச் 'சவால்' என்ற பெயரில் பொதுவெளியில் வைக்கின்றன. எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு எடையில், எவ்வளவு நேரம் ஒரு கருவி இயங்க வேண்டும் என்பது அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். தேர்வானவருக்கு அந்தப் படைப்பிரிவிலிருந்தே ஒரு பொறுப்பு அதிகாரி அமர்த்தப்படுகிறார். இதுவரை பெரிய நிறுவனங்களின் வரைபடத்துக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்ததோடு நின்றுவிட்ட ஒரு பட்டறைக்கு, பொருளைக் கையாளப் போகிறவரிடமே நேராகக் கேள்வி கேட்கும் வாய்ப்பு வேறு எந்த வழியிலும் எளிதில் கிடைப்பதில்லை. தன்னிடமே புதிய யோசனை இருந்தால், சவால் வரும்வரை காத்திராமல், அதைத் 'திறந்த சவால்' என்ற பிரிவின்கீழ் முன்வைக்கவும் இடமுண்டு. தேர்வாகாவிட்டாலும் இந்தச் சவால் அறிக்கைகளை வாசிப்பதே ஒரு பயிற்சி என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

பணத்துக்கு வருவோம். முன்மாதிரி உருவாக்குவதற்குச் சாதாரணப் பிரிவில் 1.5 கோடி ரூபாய் வரையும், 2022-இல் சேர்க்கப்பட்ட ஐடெக்ஸ் பிரைம் பிரிவில் 10 கோடி வரையும், 2024 மார்ச்சில் தொடங்கிய அதிதி பிரிவில் 25 கோடி வரையும் உதவி கிடைக்கிறது. தொகைகளைக் கேட்டவுடன் மலைப்பு வரும். ஆனால் சாதாரணப் பிரிவில் அரசு தருவது திட்டச் செலவில் பாதி. எஞ்சிய பாதியை விண்ணப்பதாரர் திரட்ட வேண்டும். தருவதும் ஒரே தொகையாக அன்று, வேலையின் கட்டங்களைப் பொறுத்துத் தவணைகளாக. பேட்டையில் பல ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தும் அண்ணாச்சி ஒருவரிடம் இதை விளக்கியபோது, "பாதித் துட்டு நாமளே போடணும்னா, அந்தப் பாதியைத் தர்ற பேங்க் எது தம்பி?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. கையில் ஆர்டர் இருந்தால் கடன் தரும் வங்கி, இன்னும் பொருளாகவே ஆகாத ஆராய்ச்சிக்குத் தயங்குவது இயல்பு. பெங்களூரிலோ சென்னையிலோ அந்தப் பாதியைத் தனியார் முதலீட்டாளர் போடுகிறார். நெல்லையில் அந்த இடத்தைக் குடும்ப நிலமும் நகையும்தான் நிரப்புகின்றன.

இதே நோக்கத்துடன் அமெரிக்காவில் 1982-இல் சட்டமாக்கப்பட்ட சிறு நிறுவன ஆராய்ச்சித் திட்டத்தில் இத்தகைய பங்குத்தொகை கேட்கப்படுவதில்லை. யோசனை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கச் சிறிய தொகையில் முதல் கட்டம், முன்மாதிரிக்குப் பெரிய தொகையில் இரண்டாம் கட்டம் என்று அதை வகுத்திருக்கிறார்கள். குறைந்த செலவில் ஒரு யோசனையைச் சோதித்துப் பார்த்து, சரிப்படாவிட்டால் விலகிக்கொள்ள இடமளிக்கும் அந்த முதல் கட்டம் ஐடெக்ஸில் இல்லை என்பதையே அதன் பெரிய குறையாகக் கருதுகிறேன். புதிய ஸ்டார்ட்அப்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் டான்சீட் என்னும் தொடக்க நிதியாக வரும் 10 லட்சம் ரூபாய் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும். அதை வழங்கும் மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம் திருநெல்வேலியிலேயே இருப்பதால், முதலில் அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது. விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்லி, வரப்போகும் மானியத்தில் சதவீதம் பேசும் ஆலோசகர்களும் இப்போது ஊருக்குள் உலவுகிறார்கள். தொழில்நுட்பத்தை உருவாக்கியவரே எழுதாத விண்ணப்பம் தேர்வுக் குழுவின் இரண்டாவது கேள்விக்குள் தடுமாறிவிடும் என்பதால், அந்தச் செலவு வீண்.

அறிவிப்புகளில் வெளித்தெரியாத இன்னொரு செலவு, சோதனை. இராணுவத்துக்கான மின்னணுக் கருவி அதிர்வு, ஈரப்பதம், உப்புக்காற்று, கடும் வெப்பம் ஆகியவற்றைத் தாங்குகிறதா என்று ஜேஎஸ்எஸ் 55555 தரநிலைப்படி பார்க்க வேண்டும். ஒரு கருவியின் மின்னலைகள் இன்னொன்றின் இயக்கத்தைக் குலைக்கும் மின்காந்தக் குறுக்கீட்டுக்குத் தனியே சோதிக்க வேண்டும். அந்த இரண்டாவது சோதனைக்குச் சென்னை தரமணியில் உள்ள, மத்திய அரசின் சமீர் ஆய்வு மையம் போன்ற இடங்களுக்குத்தான் செல்ல வேண்டும். பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு வந்த ஆளில்லா வானூர்தி மையமும் காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலுக்கே போயிற்று. நெல்லையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கருவியை எடுத்துச் சென்று, சோதனையில் ஒரு திருகு தளர்ந்தால் திரும்பக் கொண்டுவந்து சரிசெய்து மீண்டும் வரிசையில் நிற்பவருக்கும், கிண்டியிலிருந்து ஆட்டோவில் போய் வருபவருக்கும் அரசு தரும் தொகை ஒன்றே. விண்ணப்பத்தின் செலவுக் கணக்கிலேயே போக்குவரத்தையும் மறுசோதனையையும் தாராளமாகச் சேர்த்து எழுதுங்கள். சென்னைக்காரரின் மாதிரி விண்ணப்பத்தைப் பார்த்து எழுதினால் இந்த வரிகள் விடுபட்டுப்போகும்.

முன்மாதிரி வெற்றி பெற்ற பிறகு வாங்குவார்களா என்பதே இறுதிக் கேள்வி. 2020-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை ஐடெக்ஸ் பொருள்களை வாங்குவதற்குத் தனி வழி வகுத்துள்ளது. சென்னையைச் சேர்ந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் நிறுவனம் ட்ரோன் எதிர்ப்புக் கருவிக்கு 200 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ஆர்டரை இவ்வழியில்தான் பெற்றது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்திட்ட எல்லாரும் ஆர்டர் வரை போய்ச் சேர்வதில்லை. சோதனை முடிந்து ஆர்டர் வரும்வரையிலான மாதங்களில் சம்பளம் கொடுக்க வேறு வேலை கையில் இல்லாத நிறுவனம் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் செலவில் 90 விழுக்காடு வரை கிடைக்கிறது. ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பும் 50 கோடியாக உயர்த்தப்பட்டுவிட்டது. பதிலுக்கு, உருவாகும் அறிவுசார் சொத்துரிமையை டிஆர்டிஓவுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஐடெக்ஸிலோ உரிமை உருவாக்கியவரிடமே தங்குகிறது. காற்றாலைப் பராமரிப்புக்கோ துறைமுகக் கண்காணிப்புக்கோ விற்கக்கூடிய ட்ரோனையோ உணர்கருவியையோ செய்பவர், பாதிச் செலவைச் சுமந்தாவது ஐடெக்ஸுக்குச் செல்லலாம். உலோக வேலையிலும் துல்லிய இயந்திர வேலையிலும் தேர்ந்த, ஆனால் வெளிச்சந்தையில் விற்க வேறு பொருள் இல்லாத பட்டறைக்கு டிஆர்டிஓ வழியே மேல். பேட்டை அண்ணாச்சிக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.