ஃபெசன்ட்: கோழிகளோடு சேர்த்தா, தனிக் கூண்டிலா?

இங்கிலாந்தில் பிப்ரவரி 1-ல் வேட்டைக்காலம் முடிந்தபின், தப்பிய ஃபெசன்ட் (கோழி இனத்து வேட்டைப்பறவை) ஒன்று தோட்டத்துக் கோழிகளோடு வந்து ஒட்டிக்கொள்ளும். பாவம் என்று வைத்துக்கொள்பவர்களுக்கு அடுத்து வரும் குழப்பம் இது.

செலவு: சேர்த்து வைத்தால் தீவனம் மட்டும். தனி என்றால் மரம், கம்பி, மேலே வலை எல்லாம் வேண்டும்.

சண்டை: ஃபெசன்ட் சேவல் வசந்தத்தில் கோழிகளை விரட்டி விரட்டிக் கொத்தும். தனியாக இருந்தால் வேலி வழியே முறைப்பதோடு சரி.

நோய்: எனக்கு இதுதான் முக்கியம். கோழிக் குடலில் வாழும் ஹெட்டராகிஸ் புழுவின் முட்டைக்குள் பறவைகளின் குடலையும் ஈரலையும் தாக்கும் பிளாக்ஹெட் நோயின் கிருமி ஒளிந்திருக்கும், அந்த முட்டை மண்ணில் நெடுநாள் தாங்கும், கோழி பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஃபெசன்ட் சோர்ந்து விழலாம். பழைய கோழி மண்ணிலேயே தனிக் கூண்டு கட்டினாலும் இதே கதைதான்.

பாதுகாப்பு: ஃபெசன்ட் மிரண்டால் நேர்மேலே எகிறும். திறந்த அடைப்பில் பறந்தே போய்விடும்; கூண்டுக்குக் கம்பிக் கூரை போட்டால் மண்டை உடையும், அதனால் மெத்தென்ற நைலான் வலைதான் சரி.

பெட்டை ஃபெசன்ட், விசாலமான இடம், தவறாத புழுமருந்து இருந்தால் சேர்த்து வையுங்கள். சேவலோ, சின்னத் தோட்டமோ என்றால் தனிதான். அப்புறம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழியோ ஃபெசன்ட்டோ வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.