செம்மறி மடிநோய்க்கு மூலிகைக் களிம்பு: ஒரு மழைக்காலம் பயன்படுத்திப் பார்த்ததில்

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு, திருப்போரூர்ப் பக்கம் 22 தாய் ஆடுகள் கொண்ட ஒரு சிறு பட்டியை நடத்தி வருகிறேன். எல்லாம் சென்னைச் சிவப்பு இனம். சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயாமல் கிடந்தபோது, குட்டி ஈன்ற மூன்று ஆடுகளுக்கு அடுத்தடுத்து மடிநோய் கண்டது. அப்போது வேப்பேரியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் மூலிகை மடிக் களிம்பு ஒன்றை வாங்கினேன். மஞ்சள், தேவதாரு எண்ணெய், அதிமதுரம், தைலமர எண்ணெய் என்ற சேர்மானத்தில் இப்போது பல நிறுவனங்களின் குழாய்கள் கிடைக்கின்றன. நான் வாங்கியதும் அவற்றில் ஒன்றுதான் என்பதால் பெயரைச் சொல்லவில்லை.

நுண்ணுயிர்க்கொல்லியைத் தவிர்க்க நினைத்ததற்குக் காரணம் உண்டு. காம்புக்குள் செலுத்தும் மருந்துக் குழாய்கள் பசு மாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் முனை செம்மறியின் சிறிய காம்புத் துளைக்குப் பருமனானது. அழுத்திச் செருகினால் உள்தோல் கிழிந்து, வெளியே இருந்த கிருமிக்கு நாமே வழி திறந்து விட்டதாகிவிடும். மேலும், மடிநோயை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மடிக்குள் சீழ்க்கட்டிகளாகத் தங்கிவிட்ட பிறகு, எந்த ஊசியும் அதை முழுமையாகத் துடைத்தெறிவது அரிது. இறைச்சிக்குப் போகும் ஆட்டின் உடலில் மருந்து எச்சம் நீங்கக் காத்திருக்க வேண்டிய நாட்களும் கணக்கில் வருகின்றன.

முதல் ஆட்டுக்குக் களிம்பை மட்டும் பயன்படுத்தினேன். மடியின் ஒரு பாதி சூடாகவும் சற்று இறுகியும் இருந்தது. பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சிப் பார்த்தபோது வெண்ணிறத் திப்பிகள் தெரிந்தன. ஆனால் காய்ச்சல் இல்லை, தீனியும் குறையவில்லை. நாளுக்கு மூன்று முறை அந்தப் பாதியைக் கறந்து வெளியேற்றிவிட்டுக் களிம்பைத் தடவினேன். நான்காம் நாள் மடி தளர்ந்தது. ஆறாம் நாள் திப்பி நின்றது. களிம்பு நன்றாகப் பரவுகிறது, மண் ஒட்டுவதில்லை. குறை, அதன் வாசனைதான். தடவிய கையோடு குட்டியை விட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. ஆகவே குட்டி ஊட்டிய பிறகே தடவ வேண்டும், அடுத்த ஊட்டுக்கு முன் வெந்நீரால் துடைக்க வேண்டும். உறையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாவது ஆட்டுக்கு வீட்டிலேயே விழுது அரைத்தேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவத்தால் பரவலாக அறியப்பட்ட முறை இது: ஒரு மாட்டுக்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவந்து, ஆரத்தித் தட்டின் நிறத்துக்கு வரும். மடியைக் கறந்து கழுவி, விழுதை நீரில் கரைத்து, நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். ஆட்டுக்கு நான்கில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது. முதல் நாள் சுண்ணாம்பைக் கண்ணளவில் போட்டுவிட்டதால் காம்பின் தோல் லேசாக வெந்தது. மறுநாள் தராசை எடுத்தேன். இந்த ஆடும் தேறியது. செலவு குழாயின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு யோசித்தபோது, குணத்தில் பெரும்பங்கு மருந்துக்குரியதா என்ற ஐயம் எனக்கு வந்தது. சென்னைச் சிவப்பு, இறைச்சிக்காக வளர்க்கும் ஆடு. அதை யாரும் கறப்பதில்லை. ஆகவே அதன் பாலை நாம் பார்ப்பதேயில்லை. குட்டி பசியால் கத்துவதையோ, தாய் பின்னங்காலை அகற்றி நொண்டுவதையோ கண்ட பிறகே மடியைத் தொடுகிறோம். களிம்போ விழுதோ, அது நம் கையை நாளுக்குப் பல முறை மடிக்குக் கொண்டுபோகிறது. கெட்ட பால் தேங்காமல் வெளியேறுகிறது. கிருமியும் அதன் நச்சும் அதோடு போகின்றன. மஞ்சளுக்கும் கற்றாழைக்கும் வீக்கத்தைத் தணிக்கும் குணம் இருப்பதை நான் மறுக்கவில்லை. கறக்காமல் மேலே பூசினால் மட்டும் போதும் என்ற விற்பனைப் பேச்சைத்தான் மறுக்கிறேன்.

மூன்றாவது ஆட்டின் கதை வேறு. மாலையில் சற்றுச் சோர்ந்திருந்ததைக் கவனித்தும் களிம்பைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். விடியற்காலையில் மடியின் இடப்பாதி சில்லிட்டு, நீலம் பாரித்துக் கிடந்தது. கறந்தால் பாலுக்குப் பதில் செந்நீர் வந்தது. இது மடி அழுகல். நஞ்சு இரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் ஆட்டைக் கொன்றுவிடக்கூடியது. இங்கே மூலிகைக்கு வேலையில்லை. மருத்துவர் வந்து நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும், வலிக்கு மெலாக்சிகாமும் போட்டு, நீர்ச்சத்தும் ஏற்றினார். (வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டுவிடாதீர்கள், பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால் கால்நடைகளுக்கு அது 2006-லேயே தடைசெய்யப்பட்டது.) ஆடு பிழைத்தது, அந்தப் பாதி மடி அழுகி உதிர்ந்துவிட்டது. அந்த ஓர் இரவின் தாமதத்துக்குக் களிம்பைக் குறை சொல்ல முடியாது, தடவியவன் நான்.

ஆகவே இந்தக் குழாயை வாங்கலாமா என்றால், காய்ச்சல் இல்லாத, மடி சூடாக மட்டும் இருக்கிற தொடக்க நிலைக்கு வாங்கலாம்; அரைக்க நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு விழுதே போதும். நான் இப்போது குழாயைப் பட்டியில் வைத்திருப்பது பெரும்பாலும் வேறொரு வேலைக்கு: மூன்று வாரத்துக் குட்டிகளின் பல் பட்டு வெடிக்கும் காம்புகளுக்கு. அந்த வெடிப்பில்தான் கிருமி நுழைகிறது. அதற்கு இரவில் ஒரு பூச்சு, காலையில் ஒரு துடைப்பு.