மரச்சீனி தின்னும் நாமும் பலா இலை தின்னும் ஆடும்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டில் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு எங்களுக்கு, பலா இலை ஆட்டுக்கு. கிழங்கின் மாவுச்சத்தைக் கணையநீர் உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சிய நார் 1.5 மீட்டர் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதில் கொஞ்சத்தைத்தான் நொதிக்க வைக்கின்றன.

ஆட்டில் வரிசையே தலைகீழ். நான்கு அறை இரைப்பையின் முதல் அறையிலேயே நுண்ணுயிரிகள் இலைநாரைச் சிதைத்துவிடுகின்றன. பிறகு அந்த நுண்ணுயிரிகளே சிறுகுடலில் செரித்து ஆட்டுக்குப் புரதமாகின்றன. எனக்கு இதைவிட வியப்பான ஏற்பாடு வேறில்லை! சிறுகுடலும் நம்முடையதைவிட மிக நீளம். காய்ந்த புழுக்கை ஒன்றைப் பிளந்து பாருங்கள்: கரும்பச்சைத் தூள், விரலில் ஈரமே ஒட்டாது. சுருள் வடிவப் பெருங்குடல் நீரை நிறையப் பிழிந்தெடுக்கிறது; மிச்ச ஈரம் வெளியே காய்ந்துவிடுகிறது.

நார் விஷயத்தில் ஆடே நம்மை வெல்கிறது. ஆனால் அதே முதல் அறையில் ஓர் ஆபத்தும் உண்டு. பச்சை மரச்சீனி இலையைத் தின்றால் அங்குள்ள நுண்ணுயிரிகள் சயனைடை வேகமாக விடுவிக்கும். நிறையத் தின்ற ஆடு செத்துவிடவும் கூடும். கிழங்கு பிடுங்கும் நாளில் ஆட்டைத் தள்ளிக் கட்டுங்கள்.