புயல் நேரத்தில் காணாமல் போன 16 பக்கம்

போன மாதம் வேலை விஷயமாகக் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரண்டு தடவை ரயிலில் போய்வர வேண்டியிருந்தது. ஒரு நடைக்கு நாலு மணி நேரம், செல்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் படித்தேன்.

முதலில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வானாயீனாவிடம் வேலை பார்க்கும் செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்பி வருகிறான். முன்பு அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர், துப்பாக்கி பிடித்த கை இனிமேல் பேரேடு எழுத உதவாது என்று பின்வாங்குகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் வானாயீனாவை வில்லன் என்று ஒதுக்க முடியவில்லை, எங்கள் மாமாவும் அப்படித்தான் பேசியிருப்பார். 1959இல் வந்த நாவல், ஒரே நடையில் முடிந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு 'புயலிலே ஒரு தோணி' வாங்கினேன். அவர் எழுதிய நாவல்களே இந்த இரண்டுதான். இது 1972இல் வந்தது. ஜப்பான்காரன் சுமத்ராவின் மேடானுக்குள் நுழைவதில் தொடங்கி, நாயகன் பாண்டியன் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்குக்கு வரும் வழியில் புயல் பிடிக்கும் இடம் இருக்கிறதே... அங்கே வந்து பார்த்தால் ஏற்கெனவே படித்த 16 பக்கம் மறுபடியும் இருக்கிறது, அடுத்த 16ஐக் காணோம்! கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் வேறு பிரதி வர மூன்று வாரம். நீங்கள் வாங்கினால் கடையிலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் மதுரை நினைவுகள் குறுக்கே குறுக்கே வந்து கொஞ்சம் தடுமாற வைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலாய்ச் சொற்கள் நிறைய, நமக்கு அடிக்குறிப்பே தேவையில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் அக்கா கொடுத்த விக்டர் பிராங்கலின் 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்'கை எடுத்தேன். ஊக்கம் தரும் புத்தகம் என்று அடுக்கி வைத்திருப்பதில் முக்கால்வாசி எனக்கு ஒத்து வராது. விடியற்காலை எழுந்திரு, பட்டியல் போடு, பணக்காரன் ஆகு. இது அந்த ரகம் இல்லை. நாஜி முகாம்களில் கிடந்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர் 1946இல் வெளியிட்டது. புண்ணான காலோடு குளிரில் வேலைக்கு நடக்கும்போது, வெதுவெதுப்பான ஒரு மண்டபத்தில் நின்று இதே முகாமைப் பற்றி உரையாற்றுவதாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்த ஒரு பக்கத்துக்காகவே படிக்கலாம். பின்பாதி அவருடைய சிகிச்சை முறை பற்றியது, நான் மேலோட்டமாகத்தான் தள்ளினேன். அக்கா அதைக்கூடச் செய்யவில்லை.

படிக்கும்போது, போர்க்காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன நம் மலாயாத் தோட்டத்து ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை நாவலாக்கிய அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இன்னும் என் கைக்கு வரவில்லை. பினாங்குப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரி ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன், தே தாரேக் என் செலவு. பக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்துத்தான் எடுப்பேன்.